ரூ காய் ஸ்டேசன்

தமிழ்க் கடைத் தெருவான ரூ காய்க்கு ஒரு ரயில் நிலையம் வேண்டுமென்று சண்டை பிடிக்கவே மரக்கறிக் கடைக் குலசேகரம் 'தரிப்பு' பத்திரிகையைத் தொடங்கினார். நிலையம் வரவேயில்லை. முதல் இதழோடு பத்திரிகையும் படுத்துவிட்டது. மிஞ்சிய ஒரே பிரதி கடைச் சுவரில் தொங்குகிறது.

அந்த வெள்ளிக்கிழமை கொட்டும் மழை. முருங்கைக்காய் வாங்க வந்த சாம்பவியிடம் குடையும் இல்லை, ஈரமும் இல்லை.

"என்ன பிள்ளை, நனையேல்லையோ?"

"ஸ்டேசன் உங்கட கடைக்கு முன்னாலைதானே அண்ணை!"

குலசேகரம் சிரித்துக்கொண்டே கடையைப் பூட்டிவிட்டு அவளோடு கிளம்பினார்.

நேரத்தோடு, காய்ந்த சட்டையோடு புறநகர் சார்செலிலுள்ள வீட்டுக்குள் நுழைந்தவரைக் கண்டு மனைவி கலாவதி திகைத்தாள்.

"எப்பிடியப்பா வந்தனீங்கள்?"

"எங்கட ஸ்டேசனிலை ஏறித்தான். அங்கை பேப்பர்க் கடையிலை 'தரிப்பு' கேட்டனான். இண்டையான் இதழ் வித்து முடிஞ்சுதாம்!"