கழுத்துக்கு மேலே

“யாருக்கு முதல்ல கதவைத் திறக்கணும்னு இன்னுமா உனக்குத் தெரியல?”

காரிலிருந்து இறங்கும்போதே விஜயபாஸ்கர் சீறினார். டிரைவர் ஹபீப் முகம்மது வழக்கம்போல அகிலாவின் பக்கத்துக் கதவைத் திறந்து, அவள் இறங்கி நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

“பழைய ஆளுங்களை வச்சிருந்தா இப்படித்தான். விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிட்டா எல்லாம் சரியாயிடும்” என்று மனைவி அகிலாவிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

அபுதாபியின் அந்தத் தனியார் அருங்காட்சியகத்தில் மறுநாள் ஒரு புதுக் கூடம் திறப்பு. அதன் செலவை ஏற்றுக்கொண்டது அவருடைய கம்பெனி. அதனால் இன்று அவருக்கு மட்டும் தனியாகச் சுற்றிக் காட்டுகிறார்கள்.

வழிகாட்டி ஷியாமளா தமிழ்ப் பெண் என்று தெரிந்ததும் அவர் குரல் இன்னும் உயர்ந்தது.

“இருபத்தஞ்சு வருஷக் கம்பெனின்னு சொன்னாங்க. வயசானவரா இருப்பீங்கன்னு நினைச்சேன் சார்” என்றாள் அவள்.

“மீசை முளைக்கிறப்பவே கடல் தாண்டினவன்மா நான். கையில ஒரே ஒரு பெட்டி. மத்ததெல்லாம் இந்தக் கை சம்பாதிச்சது.” உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அகிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தின் நடுச்சுவரில், பின்னாலிருந்து விளக்கு வெளிச்சம் பாய, அந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் சிவப்பும் நீலமுமாக எரிந்தது. மேலே குழந்தை இயேசுவோடு மாதா. கீழ் மூலையில் முழங்காலிட்டு ஒரு ஆணும் பெண்ணும்.

“இந்த ஒடைஞ்ச கண்ணாடிக்கா இவ்வளவு பில்டப்பு? ஷார்ஜாவுல கிளாஸ் கடைக்காரன்கிட்ட சொன்னா புதுசாவே அடிச்சுக் குடுப்பான்.”

ஷியாமளா சிரித்து வைத்தாள். “ஐரோப்பாவுல ஒரு சர்ச்சுல இருந்தது சார். ஐந்நூறு வருஷம் பழசு. கீழ முட்டி போட்டிருக்கிறவங்கதான் இதைச் செஞ்சு குடுத்தவங்க. கம்பளி வியாபாரியும் அவர் மனைவியும். அந்தக் காலத்துல ஜன்னல் குடுத்தா, ஓரமா தங்களையும் வரையச் சொல்லிடுவாங்க.”

“டியூப் லைட்ல உபயம்னு எழுதி வெளிச்சத்தையே மறைப்பானுங்களே நம்ம ஊர்க் கோயில்ல, அந்தக் கேஸு!” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

“அந்த ஆளோட கழுத்துகிட்டப் பாருங்க சார். கண்ணாடித் துண்டுகளை இணைக்கிற ஈயப் பட்டை அங்க மட்டும் ரெண்டா இருக்கு. தலை மட்டும் வேற கண்ணாடி. வியாபாரி இறந்ததும் அவர்கிட்ட வேலை பார்த்த ஒருத்தர் அந்தம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். பழைய தலையைக் கழட்டிட்டுத் தன் தலையை வச்சுட்டார். அங்கி, மோதிரம் எல்லாம் முதல் ஆளோடதுதான்.”

விஜயபாஸ்கர் சிரித்த சிரிப்பில் காவலாளி திரும்பிப் பார்த்தான்.

“த்தூ! இவனெல்லாம் ஒரு ஆம்பளையா? அடுத்தவன் சட்டைக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, சாமி கும்பிடுற மாதிரி போஸு வேற!” மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டப் போனார். “நோ டச், சார்” என்று காவலாளி ஓடி வந்தான். “கலாஸ், கலாஸ், போதும், தள்ளிப் போ” என்று அவனை ஈயை விரட்டுவதுபோல் விரட்டினார்.

“அந்தப் பொம்பளையைப் பாரு. பக்கத்துல தலை மாறினதுகூடத் தெரியாம மரக்கட்டை மாதிரி கையைக் கூப்பிக்கிட்டு இருக்கா.”

அகிலா முதல்முறையாக வாயைத் திறந்தாள். “அவங்க ஒண்ணுமே சொல்லலையாம்மா?”

“தெரியல மேடம். அவங்ககிட்ட யாரும் கேட்டதாத் தெரியல.”

“கேட்டா மட்டும் என்ன சொல்லிடப் போறா? இவளுக்கு இதெல்லாம் புரியாதும்மா. சீரியல் பாக்குற கேஸு. நீ மேல சொல்லு.”

ஷியாமளாவுக்கு அகிலாமேல் இரக்கம் வந்தது. கைக்குட்டை மாதிரி பையில் போட்டுக் கூட்டிவரப்படும் மனைவிகள் எத்தனையோ பேரை இந்த வேலையில் பார்த்திருக்கிறாள். வீட்டில் இவள் ஒரு டீ கப்பைக்கூட இடம் மாற்றி வைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

அகிலா ஜன்னலை நெருங்கி நின்றாள். அந்த இரட்டை ஈயக்கோட்டை வெகுநேரம் பார்த்தாள். நீல வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்திருந்தது. உதடுகள் மட்டும் அசைந்தன.

ஷியாமளா பேச்சை மாற்றினாள். “சார், ஜன்னலுக்குக் கீழ ஒரு பித்தளைப் பலகை வைக்கிறோம். யார் பேர் போடணும்னு சொன்னா இப்பவே பொறிக்கக் குடுத்துடுவாங்க.”

“கம்பெனி பேரெல்லாம் வேணாம். விஜயபாஸ்கர்னு பெருசாப் போடு. தூரத்துல இருந்தே தெரியணும். கீழ ‘நிறுவனர்’னு போட்டுடு.”

“அது வேண்டாம்மா.” அகிலா கண்ணாடியைவிட்டுத் திரும்பினாள். “சேதுமாதவன்னு போடச் சொல்லுங்க.”

விஜயபாஸ்கரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது. “அகிலா... பேசாமப் போய் கார்ல உக்காரு.” அதட்டலாகத் தொடங்கியது, பாதியிலேயே கெஞ்சலாகிவிட்டது. அவளுடைய முழங்கையைப் பிடித்தார். அவள் அந்தக் கையை விலக்கினாள்.

இருவரையும் மாறி மாறிப் பார்த்த ஷியாமளா தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அவர் யாரு மேடம்?”

“கம்பெனியை ஆரம்பிச்சவர். என் முதல் வீட்டுக்காரர்.”