நான்காம் பாகம்

அழாதே கண்ணு, கடைசிப் பக்கத்தில் அவள் அம்மா பேருந்திலிருந்து இறங்கிவிடுவாள்.

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, மகளின் பள்ளிச் சீருடையைத் தேய்த்தாள். முடிவைச் சொன்னால் சண்டைக்கு வருவாள்.

மகள் சாப்பாட்டு மேசையில் கவிழ்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்புக்குப் பாடமாக வைத்திருக்கும் நாவல். வைத்தியத்துக்காக நகரத்துக்குப் போன அம்மாவுக்காக ஒரு சிறுமி தினமும் பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் கதை.

முப்பது வருடத்துக்கு முன்னால் இவளுக்கும் அதுதான் பாடம்.

அப்போது நாற்பது பேருக்கு நான்கே பிரதிகள். டீச்சர் ஒவ்வொன்றையும் பிளேடால் நான்காக அறுத்து, பழைய காலண்டர் அட்டை வைத்துத் தைத்துச் சுற்றுக்கு விட்டார். எந்தப் பாகம் முதலில் கிடைக்கிறதோ அதிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இரண்டாம் பாகத்தில் செத்துப்போன நாய், அடுத்த வாரம் முதல் பாகத்தில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும்.

இவளுக்கு நான்காம் பாகம் மட்டும் வரவே இல்லை.

அதைக் கொடுக்க வேண்டியவள் பக்கத்து இருக்கைக் குச்சி. காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று வகுப்பே வைத்த பெயர்.

"வாளித் தண்ணில விழுந்துடுச்சுடி. தாளெல்லாம் ஒட்டிக்கிச்சு. விடு, நானே சொல்றேன்."

மற்றவர்களைக் கேட்டால், இப்போதுதான் கொடுத்தேன் என்று ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள்.

குச்சி ஒரு வாரம், பள்ளி விட்டு நடக்கும் வழியெல்லாம் கதை சொன்னாள். கடைசி நாளன்று தெருமுனையில் நின்று, அந்த அம்மா மஞ்சள் குடையோடு படியிறங்குவதை நடித்தே காட்டினாள். எதிரே வந்த சைக்கிள்காரர் இருவரையும் திட்டிவிட்டுப் போனார்.

மகள் புத்தகத்தை மூடினாள்.

"என்னம்மா கதை இது! அந்த அம்மா வரவே இல்ல."

"வருவாங்களே. மஞ்சள் குடையோட."

"குடையா? டிரைவர்தான் இறங்கி வந்து அவங்க பையை அந்தப் பொண்ணு கையில குடுக்கிறாரு. அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு."

அவள் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

குச்சி பொய் சொல்லியிருக்கிறாள். குச்சி மட்டுமா? எதற்கெடுத்தாலும் ஓட்டை வாய் என்று டீச்சரிடம் பேச்சு வாங்கிய வகுப்பு. அதில் ஒருத்திகூட, ஒரு வருடம் முழுக்க, வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. தேர்வில் டீச்சர் முதல் மூன்று பாகங்களிலிருந்தே கேள்வி கேட்டிருந்தார். தன் அதிர்ஷ்டம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்!

அந்த வருடம்தான் இவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அம்மா வீடு திரும்பாமலே போன பிறகும், எத்தனையோ இரவுகள், மஞ்சள் குடையோடு யாரோ ஒரு அம்மா படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் தூங்கிப்போயிருக்கிறாள்.

"நீ மறந்துட்டேம்மா. கடைசி நாலு பக்கம்தான், நான் வாசிக்கிறேன் கேளு." மகள் மறுபடி புத்தகத்தைத் திறந்தாள்.

அவள் கையை நீட்டி, மெதுவாக அதை மூடினாள்.

"வேண்டாம் கண்ணு" என்றாள். "எனக்கு அந்தக் கதை தெரியும்."