பட்டினி முடிந்த அன்று

எடையைக் குறைக்கிறேன் என்று வாரக்கணக்கில் வெறும் தண்ணீரிலேயே கிடந்த தயாளன், ஒருநாள் "பசிக்குது வசு, சோறு போடு" என்றான். மனைவி வசுமதிக்குத் தலைகால் புரியவில்லை. மீன்குழம்பு வைத்து, போதும் என்றவனுக்கு மேலும் மேலும் பிசைந்து ஊட்டினாள். மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரியில் காப்பாற்ற முடியவில்லை.

"பட்டினி கிடந்த உடம்பும்மா. கஞ்சித்தண்ணியில ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடுத்திருக்கணும். திடீர்னு இவ்வளவு குடுத்தா இதயம் தாங்காது" என்றார் டாக்டர்.

உடலை வீட்டில் கிடத்தியதும் மாமியார் அவள் கையைப் பற்றினார். "எம்புள்ள பட்டினியோட போகலையேம்மா?"

"இல்ல அத்தை. வயிறாரச் சாப்பிட்டார்."

"நீ நல்லா இருப்பே" என்று அந்தக் கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.