முதல் நாள் பிடி

தற்காப்புக் கலை வகுப்பின் புது உடுப்பு தொளதொளக்க, ஒட்டடைக்குச்சி மாதிரி நின்ற மகளைப் பார்க்க அப்பாவுக்கு வெட்கமாக இருந்தது.

“ஊதினா பறந்துடுவா மாஸ்டர். இவளுக்கெல்லாம் ஜியு-ஜிட்சு வருமா?”

“ஒல்லியானவங்களுக்குத்தான் சார் இது ரொம்ப உதவும். எந்தப் பிடியிலேருந்து தப்பிக்கணும்? நீயே சொல்லும்மா.”

“ஒரு கையால முடியைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால நம்ம கையை முதுகுக்குப் பின்னால முறுக்கினா?”

“சார், கொஞ்சம் அப்படிப் பிடிச்சுக் காட்டுங்க.”

அப்பா சிரித்துக்கொண்டே மகளைப் பிடித்தார். பிடி கச்சிதமாக விழுந்தது.

“அடேங்கப்பா! பழகின கை மாதிரி இருக்கே!” என்றார் மாஸ்டர்.

“சீக்கிரம் சொல்லிக்கொடுங்க மாஸ்டர்,” என்றாள் மகள், குனிந்த தலை நிமிராமல். “வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு நான் கத்துக்கொடுக்கணும்.”

பிடியை விட்ட கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார் அப்பா.