எங்க ஊருக்கு எவ்வளவு தண்ணி?

"இன்னொரு சோள ரொட்டி வைக்கட்டுமா மாப்பிள்ளே?"

"போதும் அத்தே" என்றான் ஈரண்ணா.

சுற்றுவட்டாரத்துக்கே அடுத்த ஐம்பது வருஷத்துக்குக் குடிநீர் தரப்போகும் திட்டத்தைத் தீட்டிய இன்ஜினியர் அவன்தான். பெங்களூரில் ஒப்புதல் கிடைத்த செய்தி வந்ததுமே, மாமியார் நீலவ்வா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் ஓடைக்குக் குடம் தூக்கியவள் ஆயிற்றே!

"நம்ம வீதிக்குக் குழாய் எப்போ வரும்?"

ஈரண்ணா ரொட்டியைப் பிய்த்தான். வாயில் வைக்கவில்லை.

"இந்த ஊருக்குக் குழாய் கிடையாது அத்தே."

நீலவ்வாவுக்குச் சுரீரென்றது.

"ஊருக்கெல்லாம் உண்டு, பொண்ணு குடுத்த ஊருக்கு இல்லையா? மாமியார் வீட்டுக்குச் செஞ்சான்னு நாலு பேர் பேசுவாங்கன்னு பயமா?"

"அதில்ல அத்தே..."

"பின்னே? நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வெளியில போவேன்? சொல்லுங்க, எங்க ஊருக்கு எவ்வளவு தண்ணிதான் ஒதுக்கியிருக்கீங்க?"

அவன் தலை நிமிரவில்லை.

"அறுபது அடி."

"தண்ணிய யாராவது அடிக்கணக்குல அளப்பாங்களா?"

"ஆழம் அத்தே. நம்ம ஓடைக்குக் குறுக்கேதான் அணை வருது. தண்ணி தேங்கப்போற இடம் இந்த ஊருதான். வேற இடம் தேடாத நாளில்ல. கிடைக்கல."

நீலவ்வா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நீலவ்வா! மாப்பிள்ளையக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லு!"

வாசலில் தெருப் பெண்கள் எல்லாரும் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார்கள்.