பக்கத்துச் சின்ன அறை

நகராட்சி சேர்மன் சொர்ணப்பனை ஒரு ‘கமரில்லா’தான் ஆட்டிவைக்கிறது என்று ஆங்கிலப் பத்திரிகையில் வந்திருந்தது. அர்த்தம் கேட்க சொர்ணப்பன், ஜெபமணி வாத்தியாரை வரவழைத்தார்.

“என்ன வாத்தியாரே, கெட்ட வார்த்தையா?”

“ஸ்பெயின் பாஷையில சின்ன அறைன்னு அர்த்தங்கய்யா. அங்க ராஜாவோட அறைக்குப் பக்கத்துல நாலு பேர் கூடிப் பேசுவாங்களாம். அவங்க முடிவுதான் ராஜாவோட உத்தரவு.”

சொர்ணப்பனின் அறையை ஒட்டியும் ஒரு சின்ன அறை இருந்தது. அவருடைய ஆட்கள் நால்வரும் அங்கேதான் டீ குடிப்பார்கள். மறுநாளே நடுச்சுவரை இடிக்கச் சொன்னார். இப்போது நால்வரும் அவர் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“இனிமே எதுவானாலும் என் முன்னாடியே பேசுங்கப்பா.”

“நமக்குள்ள பேச என்னண்ணே இருக்கு?” என்று சிரித்தார்கள்.

அவருக்கு நிம்மதியாக இருந்தது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, “ரொம்பப் புழுங்குதே, ஃபேனைப் போடலாமா?” என்று கேட்டார்.

பதில் சொல்வதற்கு முன், நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.