முன்னால் போகிறவள்

பட்டாளத்திலிருந்து திரும்பிய நாள் முதல் சேர்மத்துரை மனைவியை முன்னால் விட்டுத்தான் நடந்தான். கோயிலோ கடையோ, பொன்னுத்தாய் வாசற்படி இறங்கிச் சில அடி போகும்வரை பொறுத்திருப்பான். தெருப் பெண்களுக்கு வயிறெரிந்தது. "எங்க வீட்டுக்காரரு, பின்னால ஒருத்தி வாறாளேன்னு திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. நீ குடுத்து வச்சவ" என்றாள் எதிர்வீட்டுச் சங்கரவடிவு. பொன்னுத்தாயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மழை விட்டபின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மண்பாதையில் போகும்போது திரும்பிப் பார்த்தாள். பாதையில் அவள் தடம் மட்டுமே இருந்தது. அந்தத் தடங்களுக்குள் விரல்களை ஊன்றி, குதிகாலைத் தூக்கியபடி அவன் வந்துகொண்டிருந்தான். "நிக்காத, போ" என்றான். முகமெல்லாம் வியர்வை. கண்ணிவெடி புதைத்த நிலத்தில், முன்னே போகிறவன் கால் வைத்த இடத்தில்தான் பின்னே வருகிறவனும் வைக்க வேண்டும் என்று முன்பு சொல்லியிருக்கிறான். முன்னே போனவன் என்ன ஆனான் என்று மட்டும் சொன்னதில்லை. அவளும் கேட்கவில்லை, தடம் நன்றாகப் பதியட்டும் என்று அழுத்தி நடக்கப் பழகிக்கொண்டாள்.

இன்று அவளுக்குக் காய்ச்சல். "நீ எந்திரிக்காத. மாத்திர வாங்கிட்டு வந்திருதேன்" என்று போர்வையை இழுத்துவிட்டு வாசலுக்குப் போனவன், அங்கேயே நின்றுவிட்டான். பிறகு நான்கு வயது மகளைக் கூப்பிட்டான். "பாப்பா, நீ முன்னால போ." பொன்னுத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வருவதற்குள் குழந்தை துள்ளிக் குதித்துத் தெருவில் இறங்கியிருந்தது. எதிர்வீட்டில் சங்கரவடிவு கன்னத்தில் கைவைத்துப் பூரித்துப்போய் நின்றாள். பிள்ளை பத்தடி போகும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் அவன் படியிறங்கினான்.